குடல் அழற்சி நோயும் உணவு நெறியும்

உழைத்து உண்ணும் நமக்கு உடலே முதற் கருவியாகும். தறி பழுதுற்றால் தச்சரை அழைக்கிறோம்; ஏர் பழுதுற்றால் கொல்லுலைக்குக் கொண்டு செல்கிறோம். குடலில் பழுது நேர்ந்தால் மட்டும் பிறரிடம் கூற நாணி, மாதக்கணக்கில் மறைத்து வைக்கிறோம். நாள்தோறும் பலமுறை மலங்கழிதல், மலத்துடன் சளியும் குருதியும் போதல், அடிவயிற்றில் முறுக்கு, உடல் மெலிவு ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தாலும், அதனைச் 'சூடு' என்றோ 'மூலம்' என்றோ தாமே முடிவுகட்டிக் கடைமருந்தை வாங்கி உண்பது நம்மவரிடையே பெருவழக்கு. அவ்வாறு தள்ளிப் போடப்படும் நோய்களுள் ஒன்று குடல் அழற்சி நோய். அந்நோயுற்றார்க்கு உணவு எவ்வளவு துணை செய்யும், எந்த எல்லைக்கு மேல் அது துணை செய்யாது என்பதைத் தெளிவதே இப்பாடத்தின் நோக்கம்.

நோயின் இயல்பு

குடல் அழற்சி நோய் என்னும் பொதுப்பெயரால் இரண்டு நோய்கள் குறிக்கப்பெறும். ஒன்று, 'அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்' என்று மருத்துவர் கூறும் பெருங்குடற் புண்ணழற்சி. இது பெருங்குடலின் உட்படலத்தைப் பற்றுவது. மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவுவது. மற்றொன்று குரோன் நோய். இது வாய் முதல் எருவாய் வரை எவ்விடத்தையும் பற்றக்கூடும். சிறுகுடலின் கடைப்பகுதியைப் பெரிதும் நாடும். குடற்சுவரின் முழுத் தடிப்பையும் ஊடுருவுவதால், குடல் குறுகுதலும் புரையோடுதலும் இதனால் நேரிடலாம். நியூயார்க் நகரின் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பர்ரில் குரோன், லியான் கின்ஸ்பர்க், கார்டன் ஆப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932-ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினர். அவருள் முதல்வர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது.

நோய்க்கிருமிகளை எதிர்ப்பதற்கென நம் உடலில் ஒரு காவல் அமைப்பு உண்டு. குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவ்வமைப்பு, நெறி தவறிக் குடற்சுவரையே தாக்குவதால் புண் உண்டாகிறது. பிறவிக் கூறு, நுண்ணுயிர்க் கூட்டத்தில் ஏற்படும் மாறுபாடு, வாழ்க்கை முறை ஆகியவை ஒன்றுசேர்ந்து இதற்கு இடந்தருகின்றன. இஃது ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுவதன்று. தனியொரு பண்டத்தை உண்டதால் வந்ததும் அன்று. ஆதலின், 'உன் வாய்தான் உனக்கு இந்நோயைத் தேடித் தந்தது' என்று நோயாளியைப் பழித்தல் தகாது.

இது மேலைநாட்டார்க்கே உரிய நோய் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலவியது. பஞ்சாபில் மருத்துவர்கள் வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கு 2003-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நூறாயிரம் பேருள் சுமார் 44 பேருக்குப் பெருங்குடற் புண்ணழற்சி இருப்பதை அது காட்டிற்று. ஆகவே நம் நாட்டிலும் இந்நோய் உண்டு என்பதில் ஐயமில்லை.

இந்நோய் சில காலம் சீறி எழும். சில காலம் அடங்கியிருக்கும். சீறும் காலத்தைச் சீற்றக் காலம் என்றும், அடங்கிய காலத்தை அமைதிக் காலம் என்றும் இங்கே வழங்குவோம். இவ்விரண்டுக்கும் உணவு நெறி ஒன்றன்று. இதனை உணராமையே பல இடர்களுக்கு மூலமாகும்.

முதலில் தெளிய வேண்டுவது

மலத்தில் குருதி காண்பதற்கு மூலம், அமீபா சீதபேதி, குடற் காசநோய், பெருங்குடற் புற்று எனப் பல காரணங்கள் உள. இவற்றுள் குடற் காசநோய் நம் நாட்டில் சிறப்பாகக் கருதத் தக்கது. அது குரோன் நோயைப் பெரிதும் ஒத்திருக்கும். குரோன் நோய்க்குத் தரப்படும் மருந்துகளுட் பல, உடலின் எதிர்ப்பு ஆற்றலை அடக்குவன. காசநோயைக் குரோன் நோய் எனக் கருதி அவற்றை அளித்தால் காசநோய் பெருகி உயிருக்கே கேடாகும். ஆகவே, 'கொலோனோஸ்கோப்பி' என்னும் உள்நோக்குக் கருவியால் குடலைப் பார்த்து, சிறு துணுக்கு எடுத்துச் சோதித்த பின்னரே நோய் இன்னது என மருத்துவர் துணிவர். அத்துணிபுக்கு முன்னர் உணவு மாற்றத்தால் மட்டும் நோயைப் போக்க முனைவது, நோயின் பெயரறியாமல் மருந்து தேடுவதை ஒக்கும்.

உணவால் ஆவதும் ஆகாததும்

வயிற்றின் அமைதி வேறு. புண் ஆறுதல் வேறு. இப்பாடத்தில் நினைவில் நிறுத்த வேண்டிய முதற் செய்தி இதுவே.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆராய்ச்சியாளர் 2020-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நோய் அடங்கியிருந்தும் வயிற்றுப் பொருமலும் வலியும் நீங்காத 52 பேரை அவர்கள் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு, குடலில் எளிதிற் புளித்து வாயுவை உண்டாக்கும் சர்க்கரைப் பொருள்கள் குறைந்த உணவை 4 வாரம் அளித்தனர். வெங்காயம், பூண்டு, கோதுமை முதலியவை அதில் விலக்கப்பட்டன. அப்பிரிவில் நூற்றுக்கு 52 பேர் போதிய ஆறுதல் பெற்றனர். மற்றப் பிரிவில் நூற்றுக்கு 16 பேரே பெற்றனர். ஆயினும் அழற்சியை அளக்கும் சோதனைக் குறிகளில் இரு பிரிவினர்க்கும் வேறுபாடு காணப்படவில்லை. தொல்லை தணிந்தது, அழற்சியின் அளவு மாறவில்லை.

இதனால் நாம் அறிவது யாது? ஓர் உணவை விலக்கியபின் வயிறு இலேசாக இருக்கிறது என்பதற்காகப் புண் ஆறிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்துதல் பெரும் பிழை. புண் உள்ளே கனன்றுகொண்டிருக்க, வெளியே தொல்லை குறைந்திருத்தல் இந்நோயில் உண்டு. புண்ணின் நிலையை மலத்தில் 'கால்புரொடெக்டின்' என்னும் பொருளை அளக்கும் சோதனையாலும், குருதிச் சோதனையாலும், உள்நோக்குக் கருவியாலும் மருத்துவரே அறிவர். நெசவில் பாவின்றி ஊடையால் மட்டும் துணி ஆகாதவாறு, பெரும்பாலோர்க்கு மருந்தின்றி உணவால் மட்டும் இந்நோய் அடங்காது. ஊடையின்றிப் பாவும் துணியாகாது என்பதையும் மறத்தல் ஆகாது.

குரோன் நோய்க்குரிய தனி உணவு மருத்துவம்

உணவே மருந்தாக நிற்கும் ஓர் இடமும் உண்டு. குரோன் நோயுற்ற சிறுவர்க்கு, பிற உணவு யாவற்றையும் நிறுத்தி, எல்லாச் சத்துகளும் அளவுடன் சேர்த்த நீர்மச் சத்துணவை மட்டும் 6 முதல் 8 வாரம் வரை அளிப்பர். சீற்றத்தைத் தணிப்பதில் இது ஸ்டீராய்டு மருந்துக்கு இணையாக நிற்கிறது. ஸ்டீராய்டைப் போல வளர்ச்சியைத் தடுப்பதுமில்லை. வளரும் பிள்ளைகட்கு இது பெரும் நன்மை. வளர்ந்தோரிடம் இதன் பயன் அவ்வளவு உறுதியாக நிலைநாட்டப்படவில்லை. பெருங்குடற் புண்ணழற்சிக்கு இது மருத்துவமாகக் கொள்ளப்படுவதுமில்லை.

பல வாரம் நீர்ம உணவையே உண்பது எளிதன்று. எனவே, அதன் ஒரு பகுதியுடன் சோறு, உருளைக்கிழங்கு, கோழி இறைச்சி, முட்டை, வாழைப்பழம் போன்ற தேர்ந்த உணவுகளைச் சேர்த்து அளிக்கும் முறையொன்றை இஸ்ரேல் நாட்டு மருத்துவர்கள் வகுத்தனர். சிறுவர்களிடம் அதனைச் சோதித்த முடிவு 2019-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 12-ஆம் வாரத்தில் இம்முறையைக் கைக்கொண்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 76 பேர் ஸ்டீராய்டு இன்றி நோய் அடங்கியிருந்தனர். 6 வாரம் நீர்ம உணவு மட்டும் உண்டு, பின்னர் அதன் ஒரு பகுதியுடன் வழக்கமான உணவுக்குத் திரும்பியோருள் அவ்வாறு இருந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர். இவை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் உடனிருந்து நடத்த வேண்டிய முறைகள். வீட்டிலேயே சத்துமாவைக் கரைத்துக் குடித்து இதனைச் செய்துவிடலாம் என்று எண்ணுதல் கூடாது.

கட்டுப்பாடு கடுமையாகும் அளவுக்குப் பயனும் பெருகும் என்பதும் மெய்யன்று. அமெரிக்காவில் குரோன் நோயுற்ற 194 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. தானியங்கள் அனைத்தையும் விலக்கும் கடுமையான முறையை ஒரு சாராரும், காய், கனி, மீன், பருப்பு, ஆலிவ் எண்ணெய் மிகுந்த மத்தியதரைக் கடல் நாட்டு உணவை மற்றொரு சாராரும் உண்டனர். 6 வாரத்தில் தொல்லை அடங்கப் பெற்றவர் முன்னதில் நூற்றுக்கு 46.5, பின்னதில் 43.5. இவ்வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதன்று. கடுமையான விரதத்தை மேற்கொண்டவர் அதனால் கூடுதலாக ஒன்றும் பெற்றிலர்.

சீற்றக் காலத்து உணவு

சீற்றக் காலத்தில் கருத வேண்டியவை மூன்று: நீர் இழப்பை ஈடுசெய்தல், புரதத்தைக் குறையவிடாமை, குடலுக்கு உறுத்தலைத் தவிர்த்தல்.

வயலில் வெயிலில் நிற்போர்க்கு வியர்வையாலும் நீரும் உப்பும் குறையும். கழிச்சலும் சேர்ந்தால் மயக்கம் வரும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமே சிறந்தது. அது கிடைக்காதபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் மட்டமாக எடுத்த 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிறிது சிறிதாகப் பருகலாம். குழித்தறியில் அமர்வோர், அடிக்கடி எழுந்து செல்ல நேருமே என்று அஞ்சி நீர் அருந்தாமலே இருப்பதுண்டு. அது சிறுநீரகத்துக்கும் கேடு.

உணவை மூன்று பெருவேளையாக உண்பதைவிட ஐந்தாறு சிறுவேளையாக உண்பது தாங்கும். குழைந்த சோறு, இட்லி, இடியாப்பம், வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு, பூசணி, தோல் நீக்கிய பீர்க்கங்காய், நன்கு வெந்த பாசிப்பருப்பு, அவித்த முட்டை, ஆவியில் வேகவைத்த மீன், வாழைப்பழம் ஆகியவை பெரும்பாலோர்க்கு ஒத்துக்கொள்ளும். மிளகாய்க் காரம், எண்ணெயிற் பொரித்தவை, மிக்க இனிப்பு, காப்பி, மது ஆகியவற்றைக் குறைத்தலும் நீக்கலும் தொல்லையைத் தணிக்கும். பால் எல்லார்க்கும் பகையன்று. பாற்சர்க்கரை செரியாதவர்க்கே அது பொருமலையும் கழிச்சலையும் தரும். அவருள்ளும் பலர்க்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். காரணமின்றிப் பாலையும் தயிரையும் நீக்கினால் சுண்ணாம்புச் சத்து குறையும்.

கஞ்சியும் கணக்கும்

நம் வீடுகளில் வயிற்றுக் கோளாறு என்றவுடன் கஞ்சி ஒன்றே உணவாகிவிடுகிறது. இரண்டொரு நாள் கழிச்சலுக்கு அது போதும். மாதக்கணக்கில் நீடிக்கும் இந்நோய்க்குப் போதாது. சங்கத்தில் வரவு செலவு பார்த்துப் பழகிய நாம், இதனையும் கணக்கிட்டே பார்ப்போம்.

நோய் சீறியிருக்கும்போது உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்றும், அமைதிக் காலத்தில் சுமார் 1 கிராம் போதும் என்றும் ஐரோப்பிய ஊட்டவியல் வல்லுநர் வகுத்துள்ளனர். 50 கிலோ எடையுள்ள ஒருவர்க்குச் சீற்றக் காலத்தில் 60 முதல் 75 கிராம் புரதமும், ஏறத்தாழ 1,500 கலோரிக்குக் குறையாத ஆற்றலும் வேண்டும் எனக் கொள்வோம். மூன்று வேளையும் கஞ்சியாக 150 கிராம் அரிசியை மட்டும் உண்டால் அவர்க்குக் கிடைக்கும் புரதம் சுமார் 10 கிராம். ஆற்றல் 500 கலோரிக்குச் சற்று மேல். தேவையில் ஆறில் ஒரு பங்கு புரதமும் மூன்றில் ஒரு பங்கு ஆற்றலுமே வரவு. எஞ்சியதை உடல் தன் தசையிலிருந்து செலவிடுகிறது. நோயாளி மெலிவது நோயால் மட்டுமன்று, பட்டினியாலும் ஆகும். தறியில் மிதிக்கும் காலும், மண்வெட்டி பிடிக்கும் கையும் வலுவிழப்பது இவ்வாறே.

இதே நோயாளி நாள் முழுவதிலுமாக 250 கிராம் அரிசி, இட்லி மாவில் 40 கிராம் உளுந்து, 40 கிராம் பாசிப்பருப்பு, 2 முட்டை, 250 கிராம் தயிர், 75 கிராம் மீன் உண்டாரேல், முறையே 17, 9, 9, 12, 8, 14 என ஏறத்தாழ 69 கிராம் புரதம் பெறுவார். தேவை நிறைவேறிவிட்டது. மரக்கறி உணவினர் முட்டைக்கும் மீனுக்கும் ஈடாகத் தயிர், பனீர், பருப்பு ஆகியவற்றின் அளவைக் கூட்டலாம். இவற்றுள் கிடைத்தற்கரிய பண்டம் ஒன்றுமில்லை. ஒரே நாளில் இவ்வளவையும் உண்ண இயலாதவர் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வரலாம். உண்ணவே இயலாத நிலையில் மருத்துவர் சத்து நீர்மங்களை அளிப்பர்.

குடல் குறுகியவர்க்கு

குரோன் நோயுற்றவருள் சிலர்க்குத் தழும்பினால் குடல் குறுகிப்போகும். அவர்க்கு நார் மிகுந்த உணவு அடைப்பை உண்டாக்கலாம். வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, பனங்கிழங்கு, சோளக்கதிர், கரும்பு, ஆரஞ்சுச் சுளையின் தோல், முழுக் கொட்டைகள், தோலுடன் கூடிய கொண்டைக்கடலை ஆகியவற்றை அவர் விலக்க வேண்டும். இதனால் காய் கனிகளையே அவர் துறக்க வேண்டும் என்பதில்லை. தோலும் விதையும் நீக்கி, குழைய வேகவைத்து மசித்து, நன்றாக மென்று உண்ணலாம் என்று அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின் போக்கும் இதுவே. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் வெளியேறாமல் நின்றுவிட்டால் அஃது அடைப்பின் அறிகுறி. அப்போது உணவு, பேதி மருந்து எதுவும் கொடாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

அமைதிக் காலத்து உணவு

சீற்றம் அடங்கிய பின்னும் பலர் அச்சத்தால் குழைந்த சோற்றையும் ரசத்தையும் விட்டு விலகுவதில்லை. இது வேண்டாத தவம். குடல் குறுகாதவர், அமைதிக் காலத்தில் காய், கனி, கீரை, பருப்பு ஆகியவற்றைப் படிப்படியாகத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

இதற்குக் காரணம் உண்டு. நாம் செரிக்க இயலாத நாரும் ஒருவகை மாவுப் பொருளும் பெருங்குடலை அடைகின்றன. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கச் செய்து 'பியூட்டிரேட்' முதலிய அமிலங்களை ஆக்குகின்றன. பெருங்குடலின் உட்படல உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள் இந்தப் பியூட்டிரேட்டே. நாரை அறவே நீக்கினால் அந்நுண்ணுயிர்கட்கும் உணவில்லை; உட்படலத்துக்கும் உணவு குறைகிறது.

குறைக்க வேண்டியவற்றுள் முதலிடம் பெறுவன, தொழிற்சாலைகளில் பலவகைச் சேர்க்கைகளுடன் செய்து பொட்டலமிட்டு விற்கும் பண்டங்கள். 21 நாடுகளில் 1,16,000 பேருக்கு மேற்பட்டோரைப் பல்லாண்டு கவனித்த ஆய்வொன்று 2021-இல் வெளியாயிற்று. இத்தகைய பண்டங்களை நாளொன்றுக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ உண்டவர்க்குக் குடல் அழற்சி நோய் வரும் வாய்ப்பு, ஒரு முறைக்கும் குறைவாக உண்டவரைவிட ஏறத்தாழ 1.8 மடங்காக இருந்தது. எண்ணெயையும் நீரையும் பிரியாமல் கலந்து நிறுத்தச் சேர்க்கும் சில பொருள்கள் எலிகளின் குடற்படலத்தைக் காக்கும் சளிப் போர்வையை அரித்தன என 2015-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மனிதர்க்கும் அவ்வாறே நிகழும் என்று இதனால் முடிவுகட்ட இயலாதெனினும், எச்சரிக்கைக்கு இது போதும். பொட்டல நொறுக்குகள், உடனடி நூடுல்ஸ், குளிர்பானங்கள், பதப்படுத்திய இறைச்சி, வனஸ்பதியிற் செய்த பலகாரங்கள் ஆகியவற்றை விடுத்து, வீட்டில் ஆக்கிய உணவையே கொள்ளுதல் நன்று. மீன் உண்பவர் மத்தியும் கானாங்கெளுத்தியும் வாங்கலாம். விலை குறைந்த அவற்றில் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்துள்ளது. குரோன் நோயர்க்குப் புகைபிடித்தல் எந்த உணவுப் பிழையினும் பெருங்கேடு செய்யும். அதனை அறவே விடுதல் வேண்டும்.

பழைய சோறு, மஞ்சள், இசப்கோல்

நம்மிடையே அடிக்கடி எழும் மூன்று கேள்விகளுக்கு இங்கு விடை கூறுவோம்.

பழைய சோறு நீரில் ஊறிப் புளிக்கும்போது அதில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. சோறு ஆறுகையில் எளிதிற் செரியாத மாவுப் பகுதியும் சிறிது கூடுகிறது. அதுவே பெருங்குடலில் பியூட்டிரேட்டுக்கு மூலப்பொருளாகும். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் குடலியல் மருத்துவர்கள் தமிழக அரசின் நிதியுதவியுடன் இதனை ஆராய முற்பட்டது இக்காரணம் பற்றியே. அமைதிக் காலத்தில், ஒத்துக்கொள்பவர் தயிர் கலந்து உண்ணலாம். மருந்தை விட்டுவிட்டு இதனையே நம்புதல் ஆகாது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உண்போர்க்குக் கிருமித் தொற்று எளிதில் வரும். எனவே கொதித்து ஆறிய நீர், தூய பாத்திரம், மூடி வைத்தல், மறுநாட் காலையே உண்டுவிடுதல் ஆகியவற்றில் தளர்ச்சி கூடாது. பயன்படுத்துமுன் தம் மருத்துவரைக் கேட்டல் அவர்க்கு இன்றியமையாதது.

மஞ்சளில் 'குர்க்குமின்' என்னும் பொருள் உள்ளது. பெருங்குடற் புண்ணழற்சி அடங்கிய 89 பேரிடம் ஜப்பானில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், வழக்கமான மருந்துடன் நாளொன்றுக்கு 2 கிராம் குர்க்குமின் பெற்ற 43 பேருள் ஆறு மாதத்தில் 2 பேருக்கே நோய் மீண்டது. பெறாத 39 பேருள் 8 பேருக்கு மீண்டது. இதனைக் கேட்டவுடன் குழம்பில் மஞ்சளைக் கூட்டிவிட எண்ணுதல் வேண்டா. மஞ்சள் தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே; 2 கிராம் வேண்டுமாயின் 60 கிராமுக்கு மேல் தூள் உண்ண வேண்டும். அடர்த்தி மிக்க மாத்திரைகள் சிலர்க்குக் கல்லீரலைத் தாக்கியதும் உண்டு. சமையல் அளவு மஞ்சள் தீங்கற்றது. மாத்திரை மருத்துவர் சொல்லியே கொள்ளத் தக்கது.

இசப்கோல் நீரை உறிஞ்சிக் கூழாகும் நார். பெருங்குடற் புண்ணழற்சி அடங்கிய 105 பேரிடம் ஸ்பெயினில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், இவ்வினத்து விதை அமைதியை நீட்டிப்பதில் ஓரளவு துணை செய்தது. அமைதிக் காலத்தில் மிகுதியான நீருடன் இதனைக் கொள்ளலாம். குடல் குறுகியவர் தொடலாகாது.

குருதிச் சோகையும் எலும்பும்

இந்நோயர் பலர்க்கு இரும்புச்சத்து குறையும். குருதி இழப்பும் நீடித்த அழற்சியும் அதற்குக் காரணம். கேழ்வரகு, முருங்கைக்கீரை, முட்டை, ஈரல் ஆகியவை உணவில் இருத்தல் நன்றெனினும், சீற்றக் காலத்தில் உணவாலும் மாத்திரையாலும் குறை தீராமற் போகலாம். அப்போது நரம்பு வழியே இரும்புச்சத்தை ஏற்றுவர். சிறுகுடலின் கடைப்பகுதி நோயுற்றவர்க்கும் அறுவையால் அதனை இழந்தவர்க்கும் வைட்டமின் பி12 குறையும். அதற்கு ஊசி வேண்டியிருக்கும். சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்சேட் ஆகிய மருந்துகளை உண்போர்க்கு ஃபோலிக் அமிலம் தேவை. ஸ்டீராய்டு உண்போர்க்கு எலும்பு தேயும். சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் டி-யும் வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் இவற்றைச் சோதித்துக்கொள்ளுதல் கடமை.

முதுகு வலிக்கெனக் கடையில் வாங்கும் வலிநீக்கி மாத்திரைகளுட் சில இந்நோயைக் கிளறிவிடக்கூடும். தறியில் நெடுநேரம் குனிந்திருப்போர் இதனைச் சிறப்பாகக் குறித்துக்கொள்க. மருத்துவரைக் கேளாமல் அவற்றை உண்ணல் தவிர்க்க.

உணவுக் குறிப்பேடு

ஒருவர்க்கு ஒவ்வாதது மற்றொருவர்க்கு ஒத்துக்கொள்ளும். ஆகவே பிறர் கூறிய விலக்குகளையெல்லாம் ஒருங்கே மேற்கொள்ளாமல், அவரவர் குறிப்பேடு எழுதுதல் சாலச் சிறந்தது. நாள், உண்டவை, மலங்கழித்த முறை, குருதி உண்டா, வலி உண்டா, வாரம் ஒருமுறை உடல் எடை ஆகிய இவற்றைக் குறித்தால் போதும். ஐயத்துக்குரிய பண்டம் ஒன்றை மட்டும் இரண்டு வாரம் நீக்கிப் பார்க்க. மாற்றம் இல்லையெனில் அதனைத் திரும்பச் சேர்த்துவிடுக. மாற்றம் இருப்பினும் மீண்டும் ஒருமுறை சிறிதளவு உண்டு உறுதி செய்க. நீக்கியவற்றின் பட்டியல் நீண்டுகொண்டே போவதும், எடை குறைந்துகொண்டே வருவதும் சேர்ந்து காணப்படின், உணவு நெறியே தீங்காக மாறிவிட்டது என்று அறிக.

நாளொன்றுக்கு ஆறு முறைக்கு மேல் குருதியுடன் மலங்கழிதல், அதனுடன் காய்ச்சல் அல்லது நாடித் துடிப்பு மிகுதல், தாங்கொணா வயிற்று வலி ஆகியவை காணின் உணவை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனை செல்க.

வீட்டாரும் உடனுழைப்போரும் செய்யத்தக்கது

நோயாளிக்கெனத் தனி அடுப்பு வேண்டுவதில்லை. வீட்டாருக்கு ஆக்கும் குழம்பில் காரம் சேர்க்குமுன் பருப்பையும் காயையும் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தால் போதும். விருந்துகளில் 'ஒருநாள் உண்டால் என்ன' என்று வற்புறுத்தாதிருத்தலும் உதவியே. தறிக்கூடத்திலும் களத்திலும் கழிப்பிடம் அருகிலும் தூய்மையாகவும் இருத்தல் இந்நோயர்க்கு மருந்துக்கு அடுத்த தேவை. அது பெண்கட்கும் முதியோர்க்கும் பொதுவான நன்மையும் ஆகும். ஒருவர் அடிக்கடி எழுந்து செல்வதைக் கண்டு நகையாடாமல், பரிசோதனைக்குச் செல்லத் தூண்டுவோமாக. உரிய மருந்தும் போதிய உணவும் பெறுவோருள் மிகப்பலர் தம் தொழிலை விடாமல் நடத்தி, மணம் புரிந்து, மக்களைப் பெற்று வாழ்கின்றனர். காலத்தில் அறிந்து கொள்வதே அதற்கு வாயில்.

கல்விக் கூட்டத்தில் கலந்துரையாடுதற்குரிய வினாக்கள்

1. மலத்தில் குருதி கண்டவுடன் மூலம் என்று முடிவு செய்வதால் விளையும் கேடுகள் யாவை?

2. 'வயிற்றின் அமைதி வேறு. புண் ஆறுதல் வேறு' என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குக.

3. உங்கள் வீட்டில் நேற்று ஒருவர் உண்ட உணவின் புரதத்தைக் கணக்கிட்டு, அவர் எடைக்கு அது போதுமா என்று கூறுக.

4. வாழைத்தண்டு யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை? காரணம் காட்டுக.

5. நம் தறிக்கூடத்திலும் களத்திலும் இந்நோயர் இடரின்றி உழைக்க, சங்கம் செய்யத்தக்க ஏற்பாடுகள் யாவை?